கிராஃபீன்ல பி.எச்டி.: சென்னை தியரியா, பெங்களூர் லேபா? பன்னெண்டு நாள்ல பதில் சொல்லணும்

தறிவீட்டுப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சொந்த ஊர் குடியாத்தம். வேலூர்ல எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடிச்சேன். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வந்திருக்கு. ரெண்டு இடத்துல இன்டர்வியூ போனேன், ரெண்டுலயும் சேரச் சொல்லிட்டாங்க. ஒண்ணு சென்னையில, தியரி. கிராஃபீன்லயும் (ஒத்தை அணு கனத்துல இருக்கற கார்பன் தகடு), ஒரு கிராஃபீன் மேல இன்னொண்ணைத் திருப்பி வச்சதுலயும் எலக்ட்ரான் எப்படி ஓடுதுன்னு கணக்குப் போடற குரூப். இன்னொண்ணு பெங்களூர்ல, எக்ஸ்பெரிமென்ட். அதே கிராஃபீன், மாலிப்டினம் டைசல்ஃபைடு மாதிரி ஷீட்டுங்களை டிவைஸா செஞ்சி, லிக்விட் ஹீலியம் டெம்பரேச்சர்ல அளக்கற வேலை. பதில் சொல்ல பன்னெண்டு நாள் டைம்.

எங்க வீட்ல நைனா தறி நெய்யறார், லுங்கி. அம்மா பீடி சுத்தறாங்க. பி.எச்டி.ன்னா இன்னான்னு கேட்டுக்க சொந்தத்துல ஒருத்தரும் இல்ல. நேத்து ராத்திரி சாப்பிடறப்போ நைனா கேட்டார்: "பென்சில் கரியை வச்சிகினு அஞ்சி வருஷம் இன்னாடா பண்ணுவ?" ஃபெர்மி வெலாசிட்டி, அது இதுன்னு ஏதோ ஆரம்பிச்சேன். அவர் கை கழுவ எழுந்து போயிட்டார்.

எனக்கு லேப் மேலதான் ஆசை. பயமும் அங்கதான். காலேஜ்ல நான் தொட்ட ஒரே டிரான்ஸ்போர்ட் (கரன்ட் ஓடறதை அளக்கற) எக்ஸ்பெரிமென்ட், ஜெர்மானியம் துண்டு மேல நாலு ஊசியை வச்சி, சின்ன அடுப்புல சூடு பண்ணி அளக்கறது. உண்மையைச் சொல்லிடறேன், ரெக்கார்ட் நோட்டுல பேண்ட் கேப்புன்னு (எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தேவையான எனர்ஜி) நான் எழுதின 0.7 எலக்ட்ரான் வோல்ட் எங்களுக்கு முந்தின பேட்ச் நோட்டுல இருந்தது. எங்களுக்கு வந்தது 0.52. அதை வச்சிகினு போனா சார் திட்டுவார்னு மாத்திட்டோம். இப்படிப்பட்டவன் மைக்ரான் சைஸ் டிவைஸ் செய்ய முடியுமா? பேசாம தியரி எடுத்துகினு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடலாமா? இந்த வேலையில இருக்கறவங்க யாராவது, தினம் காலையில போய் இன்னா செய்றீங்கன்னு சொன்னா போதும்.

---

பைபாஸ் ரோடு

அஞ்சு வருஷம் கழிச்சி வெளிய வந்து அப்புறமும் வேலை தேடணும் தம்பி. ராணிப்பேட்டையில இருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு தினமும் கம்பெனி பஸ் ஓடுது. ஃபிசிக்ஸ் படிச்ச பசங்க ரெண்டு பேர் எங்க லைன்லயே இருக்காங்க. மாசம் பொறந்தா சம்பளம். யோசி.

---

சத்துவாச்சாரிக்காரி

தம்பி, நான் வேலூர் சத்துவாச்சாரி. பெங்களூர்ல இதே வேலையில அஞ்சாவது வருஷம், இப்ப தீசிஸ் எழுதிகினு இருக்கேன். உனக்குக் கிடைச்ச லேப் எதுன்னு எனக்குத் தெரியாது, இங்க பேர் போடவும் வேணாம். நீளமா எழுதப் போறேன், டீ போட்டுகினு வந்து படி.

நைனா கேட்டது ரொம்ப சரியான கேள்வி. அது பென்சில் கரியேதான். கிராஃபைட்டுங்கறது அப்பளக் கட்டு மாதிரி, ஒவ்வொரு அடுக்கும் ஒரே அணு கனம், அடுக்குக்கு அடுக்கு 0.335 நானோமீட்டர் இடைவெளி. 2004-ல மான்செஸ்டர்ல கெய்ம், நோவோசெலோவ் ரெண்டு பேரும் ஒட்டற டேப்பால அதைப் பிரிச்சிப் பிரிச்சி ஒத்தை அடுக்கு எடுத்து, கரன்ட் விட்டு அளந்து காட்டினாங்க. 2010-ல நோபல். நாங்க இன்னைக்கும் டேப்தான். கிராஃபைட் துண்டை ஒட்டி, பத்துப் பதினஞ்சு தடவை மடிச்சிப் பிரிச்சி, அதை சிலிக்கான் வேஃபர் மேல அமுக்கி எடுப்போம். வேஃபர் மேல 300 நானோமீட்டர் ஆக்சைடு இருக்கணும். அப்பதான் ஒத்தை அடுக்கு கண்ணுக்குத் தெரியும். வர்ற வெளிச்சத்துல 2.3 சதவீதம்தான் அது விழுங்கும். ஆனா அந்த ஊதா வேஃபர் மேல மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, பக்கத்தைவிட ஒரு சாயல் கருத்த ஊதாவா நிக்கும். என் முதல் வருஷத்துல எட்டு மாசம் அந்த ஒரு சாயலைத் தேடினதுதான் வேலை. ராத்திரி கண்ணை மூடினாலும் ஊதா.

தினம் காலையில இன்னா செய்றோம்னு கேட்ட. தேடிப் பிடிச்ச துண்டு மேல பிஎம்எம்ஏன்னு ஒரு பிளாஸ்டிக் பூசி, எலக்ட்ரான் பீமால கோடு போட்டு, குரோமியமும் தங்கமும் படிய வச்சி, அசிட்டோன்ல ஊற வச்சி வேண்டாத உலோகத்தை உரிச்சி எடுக்கணும். அப்புறம் தலைமுடியைவிட மெல்லிசான கம்பியால சிப்புல தையல் போடணும். அது முடிஞ்சா கிரையோஸ்டாட்னு ஒரு குளிர்ப்பெட்டியில, எங்க பாஷையில ஃபிரிட்ஜ், இறக்கி 4.2 கெல்வினுக்குக் குளிர வைக்கணும். இதுல எந்தப் படியிலயும் சாம்பிள் செத்துடும்.

என் முதல் டிவைஸ் கதை கேளு. கிராஃபீனுக்கு அடியில இருக்கற சிலிக்கான்ல வோல்டேஜ் குடுத்தா, கிராஃபீன்ல எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். அதுதான் கேட். 300 நானோமீட்டர் ஆக்சைடுன்னா ஒரு வோல்ட்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 7,200 கோடி எலக்ட்ரான். கோடி கோடியா இருக்கேன்னு பயப்படாதே, என் டிவைஸ் மொத்தமே நீளம் 5 மைக்ரான், அகலம் 2 மைக்ரான். அதுக்குள்ள வோல்ட்டுக்கு வெறும் 7,200 பேர்தான். ஒரு சின்ன ஊரு. எலக்ட்ரானும் இல்லாம ஹோலும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) இல்லாம சரிசமமா நிக்கற இடம் டிராக் பாயின்ட். அங்க ரெசிஸ்டன்ஸ் கோபுரம் மாதிரி எழும்பி இறங்கும். சுத்தமான சாம்பிள்னா கோபுரம் பூஜ்யம் வோல்ட்ல நிக்கணும். எனக்கு 40 வோல்ட்ல நின்னுச்சி. நான் புதுசா எதையோ கண்டுபிடிச்சிட்டேன்னு சீனியர் கிட்ட ஓடினேன். அவர் நிமிர்ந்துகூட பார்க்கல. "அழுக்கு. வேக்கம்ல சூடு பண்ணி எடுத்துகினு வா"ன்னார். காத்துல இருந்த ஈரமும், கழுவியும் போகாத பிஎம்எம்ஏ பசையும் என் கிராஃபீன்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிகினு இருந்துச்சி. ஒரு மாசமா நான் கிராஃபீனை அளக்கவே இல்ல, பசையை அளந்துகினு இருந்தேன்.

இந்த வேலையில நான் கத்துகினது பூரா அதுலயே இருக்கு. ஒரு நம்பர் வந்தா, அது கிராஃபீன் சொல்றதா, பசை சொல்றதா, கம்பி சொல்றதா? உன் ஜெர்மானியத்துல நாலு ஊசி எதுக்கு வச்சாங்க? கரன்ட் போற ஊசியிலயே வோல்டேஜ் அளந்தா ஊசி தொடற இடத்துத் தடையும் கணக்குல சேர்ந்துடும்னுதானே. அதையேதான் நாங்களும் செய்றோம், ஊசிக்கு பதில் தங்கக் கோடு. அதனால எனக்கு உன் நாலு ஊசி பத்திக் கவலை இல்ல, 0.52-ஐ அடிச்சிட்டு 0.7 எழுதின பார், அதுதான். லேப்ல சேர்ந்தா அந்தப் பழக்கத்தை வாசல்லயே விட்டுடு. 0.52 ஏன் வந்துச்சின்னு ஒரு வாரம் உக்காந்து தேடியிருந்தா, அடுப்பும் தெர்மாமீட்டரும் வேற வேற சூட்டுல இருந்திருக்கும்னு நீயே கண்டுபிடிச்சிருப்ப. அதுக்குப் பேர்தான் பி.எச்டி.

அளக்கறது எப்படின்னா, 10 நானோ ஆம்பியர் கரன்ட்டை 17 ஹெர்ட்ஸ்ல ஆட்டி அனுப்புவோம். லாக்-இன்னுன்னு ஒரு பெட்டி, திரும்பி வர்ற வோல்டேஜ்ல அதே 17-ல ஆடறதை மட்டும் பொறுக்கி எடுக்கும். காட்பாடி ஜங்ஷன் இரைச்சல்ல நம்ம அம்மா கூப்பிடற குரல் மட்டும் தனியா கேக்கும் பாரு, அப்படி. 50 ஹெர்ட்ஸ் கிட்ட மட்டும் போவக் கூடாது, அது ஈ.பி. லைனோட குரல்.

ரெண்டாவது வருஷம் ஒரு நல்ல டிவைஸ். மூணு நாள் அருமையா டேட்டா. நாலாவது நாள் கேபிளைக் கழட்டறப்போ கிரவுண்ட் பண்ண மறந்துட்டேன். அன்னைக்கு நான் போட்டிருந்தது நைலான் துப்பட்டா. மைக்ரோஸ்கோப்ல வச்சிப் பார்த்தா நடுவுல கருகின கோடு. துடைப்பக்குச்சியால கீறின மாதிரி. ஆறு மாச வேலை. யாரும் திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சி. அன்னைக்கு சாயந்திரமே ரயிலேறி ஊருக்கு வந்து ரெண்டு நாள் தூங்கினேன்.

அப்புறம் போரான் நைட்ரைடு பக்கம் போனோம். கிராஃபீனை ஆக்சைடு மேல நேரா வைக்காம, மேலயும் கீழயும் போரான் நைட்ரைடு தகடு வச்சி நடுவுல சொருகறது, நம்ம ஊரு பிரெட் ஆம்லெட் மாதிரி. 2010-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல போரான் நைட்ரைடு மேல வச்சிக் காட்டினாங்க. 2013-ல மூடின கிராஃபீனோட ஓரத்துல மட்டும் உலோகத்தைத் தொட வைக்கற வழி வந்துச்சி. நல்ல போரான் நைட்ரைடு கிறிஸ்டல் ஜப்பான்ல சுகுபாவுல வதானபே, தானிகுச்சின்னு ரெண்டு பேர் வளர்க்கறது. உலகத்துல எந்த லேப் பேப்பரைப் பார்த்தாலும் இவங்க பேர் இருக்கும். ஆக்சைடு மேல மொபிலிட்டி (எலக்ட்ரான் எவ்வளவு சுலபமா ஓடுதுங்கற அளவு) 10,000 வந்தா சந்தோஷப்பட்ட நாங்க, இப்ப லட்சத்துக்கு மேல பார்க்கறோம். எலக்ட்ரான் ஒரு இடத்துலயும் இடிக்காம பத்து மைக்ரான் நேரா ஓடும். வெறும் ஆக்சைடு மேலயும் அதே கிராஃபீன்தான். மாறினது அக்கம்பக்கம்.

ஆக்சைடு மேல இருக்கறப்போ டிராக் பாயின்ட்ல என்ன நடக்குதுன்னு நைனாவுக்கே சொல்லலாம். பாலாறு தெரியும்ல. பாலத்து மேல நின்னு பார்த்தா மணல்தான், தண்ணியே இல்ல. இறங்கிப் போனா இங்க ஒரு குட்டை, அங்க ஒரு குட்டை. டிராக் பாயின்ட்டும் அதேதான். சராசரி போட்டா எலக்ட்ரான் பூஜ்யம். ஆனா அடியில மாட்டிகினு இருக்கற அழுக்குச் சார்ஜால இங்க எலக்ட்ரான் குட்டை, பக்கத்துல ஹோல் குட்டை. கோபுரம் அதுக்கு மேல ஏறாம மொட்டையா நிக்கறது அதனாலதான்.

பைபாஸ் ரோடு அண்ணே சொன்னதுல ஒரு பாதி சரி. கிராஃபீன்ல கம்ப்யூட்டர் சிப் வரப் போகுதுன்னு யாராவது சொன்னா நம்பாதே. அதுக்கு பேண்ட் கேப் கிடையாது. டிரான்சிஸ்டரை முழுசா அணைக்கவே முடியாது, சொட்டற குழாய் மாதிரி. மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒத்தை அடுக்குல 1.8 எலக்ட்ரான் வோல்ட் கேப் இருக்கு, அணையும். ஆனா மொபிலிட்டி கம்மி, கான்டாக்ட் வைக்கறது ஒரு தலைவலி. நைனாவுக்கு எதுக்கு உபயோகம்னு சொல்லணும்னா குவான்டம் ஹால் பத்திச் சொல்லு. நல்ல மேக்னட்ல வச்சா கிராஃபீனோட ஹால் ரெசிஸ்டன்ஸ் (கரன்ட்டுக்குக் குறுக்கால அளக்கற தடை) 12,906 ஓம்ல படிக்கட்டு மாதிரி நிக்கும். அடுத்த படி 4,302. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் சார்ஜோட வர்க்கத்தால வகுத்தா வர்ற 25,812.807 ஓம்ல சரி பாதி, சரி ஆறுல ஒண்ணு. சாம்பிள் வடிவம் எப்படி இருந்தாலும் மாறாது. வேற எங்கயும் அழுக்கு எதிரி, இங்க கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் படி அகலமா நிக்கும், அதுவும் ஒரு வேடிக்கை. நூல் வாங்கற கடையில எடைக்கல்லுல முத்திரை குத்தியிருக்கும்ல, ஓமுக்கு அந்த முத்திரைக்கல்லா சிலிக்கான் கார்பைடு மேல வளர்த்த கிராஃபீனை அளவியல் லேப்ல வச்சிருக்காங்க. எனக்கு அந்த முதல் படி வந்தது ராத்திரி ரெண்டே முக்காலுக்கு. லேப்ல யாரும் இல்ல. வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன். "நல்லா நேரா இருக்கும்மா"ன்னார்.

பணம்: ஜே.ஆர்.எஃப். ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்.ஆர்.எஃப். 42,000. ஹாஸ்டல் இல்லன்னா வீட்டு வாடகைப் படி தனி. சில சமயம் மூணு நாலு மாசம் மொத்தமா லேட்டா வரும். அதனால கையில கொஞ்சம் வச்சிகினு போ, வீட்டுக்கு மாசாமாசம் இவ்வளவு அனுப்புவேன்னு முதல் வருஷம் வாக்கு குடுக்காதே.

---

ஆற்காடு மக்கன்பேடா

தியரின்னா "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடலாம்"னு எழுதியிருக்க பாரு, அதுக்குத்தான் வந்தேன். நான் சென்னையில கிராஃபீன் தியரியில முடிச்சவன்.

முதல் வருஷம் கைடு ஒரு வேலை குடுத்தார். கிராஃபீனைப் பக்கவாட்டுல கொஞ்சம் இழுத்தா கேப் திறக்குதா? கோட் எழுதினேன். இழுத்தேன். திறந்துச்சி! மூணு வாரம் தூக்கமில்லாம படம் போட்டு, டிராஃப்டே எழுத ஆரம்பிச்சிட்டேன். உண்மை என்னன்னா, இழுத்ததும் டிராக் பாயின்ட், எலக்ட்ரானோட உந்தத்தைக் குறிக்கற அறுகோணப் படத்துல மூலையை விட்டு நகர்ந்துடும். நான் பழைய மூலையிலயே தேடிகினு இருந்தேன். அடுத்த தெருவுக்கு வீடு மாத்தினவனைப் பழைய வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஆள் காணோம்னு எழுதிகினு வந்த கதை. இதே தப்பு என்னைவிடப் பெரிய ஆளுங்க பேப்பர்லயே வந்திருக்கு. நிஜமா கேப் திறக்க 20 சதவீதத்துக்கு மேல இழுக்கணும், அதுவும் எல்லாத் திசையிலயும் நடக்காது.

அக்கா பசையை அளந்தாங்க. நான் என் கோட் தப்பை அளந்தேன். வித்தியாசம் இன்னான்னா, அவங்க சாம்பிள் கருகினா கண்ணுக்குத் தெரியும். என் கோட் கருகினா அழகான படம் வரும்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்னு நெனக்காதே. ஒரு மைக்ரான் சதுர கிராஃபீன்ல 3.8 கோடி கார்பன் இருக்கு. திருப்பி வச்ச பைலேயர்ல மேஜிக் ஆங்கிள் (சுமார் 1.1 டிகிரி) கிட்ட, திரும்பத் திரும்ப வர்ற ஒரே ஒரு கட்டத்துலயே 11,000 அணுவுக்கு மேல. நேரா மோதினா எந்த மெஷினும் தாங்காது. எதை விடலாம், எதை விடக் கூடாதுன்னு காகிதத்துல முடிவு பண்ணணும். 2011-ல பிஸ்ட்ரிட்சர், மெக்டொனால்ட் ரெண்டு பேரும் அணுவையெல்லாம் விட்டுட்டு சின்ன மாட்ரிக்ஸ் வச்சே, 1.1 டிகிரி பக்கத்துல எலக்ட்ரான் வேகம் செத்துப் போகும்னு சொன்னாங்க. லேப்காரங்க அங்க போய்ச் சேர ஏழு வருஷம் ஆச்சி. உனக்கு இந்த மாதிரி விஷயத்துல ருசி இருந்தா சென்னைக்கு வா. லேபுக்கு பயந்துகினு மட்டும் வராதே, ரெண்டு வருஷத்துல ஓடிடுவ.

---

ஓய்வு பெற்ற வாத்தியார்

தம்பி, நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். நோட்டில் 0.7 என்று எழுதி வந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போட்ட பாவம் எனக்கும் உண்டு. அந்த அம்மா எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது.

இரண்டு செய்திகள் மட்டும். கிராஃபீனின் எலக்ட்ரான் கணக்கு 2004-இல் பிறந்ததல்ல. 1947-இலேயே வாலஸ் என்பவர் கனடாவில் அதைப் போட்டுவிட்டார். அப்போது அணு உலைகளில் கிராஃபைட் பயன்பட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஓர் அடுக்குக்குக் கணக்குப் போட்டார். ஓர் அடுக்கைத் தனியே எடுக்க முடியும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். ஆக, சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே 57 ஆண்டு இடைவெளி இருந்த காலமும் உண்டு. இரண்டாவது, கிடைத்தது ஓர் அடுக்கா இரண்டடுக்கா என்று இன்று உலகெங்கும் சரிபார்ப்பது ராமன் நிறமாலையில்தான் (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் நிற மாற்றத்தைக் காட்டும் வரைபடம்). அலை எண் 1,580-இல் ஒரு முகடு, 2,700 அருகே ஒரு முகடு. இரண்டாவது ஒல்லியாகவும் முதலாவதைவிட உயரமாகவும் நின்றால் ஓர் அடுக்கு. அந்த ராமன் விளைவு 1928-இல் நம்மவர் கண்டது.

அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் இரண்டு கொசுவலை இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல் வலையைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். பெரிய பெரிய கட்டங்கள் தோன்றும். கண்ணி அளவைத் திருப்பிய கோணத்தால் (ரேடியனில்) வகுத்தால் கட்டத்தின் அளவு. கிராஃபீனில் கண்ணி 0.246 நானோமீட்டர், 1.1 டிகிரி திருப்பினால் கட்டம் சுமார் 13 நானோமீட்டர். 2018-இல் எம்.ஐ.டி.யில் ஹரியோ-எரேரோ குழு அந்தக் கோணத்தில் 1.7 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாமல் போவதைக் கண்டது. கட்டம் போட்ட லுங்கி நெய்பவருக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் புரியும். தறி வீட்டுப் பிள்ளைக்குக் கைவேலை இயல்பாக வரும், பயம் வேண்டாம்.

---

சத்துவாச்சாரிக்காரி

சார், கடைசி வரியை மட்டும் ஒத்துக்க மாட்டேன். எங்கப்பா டெய்லர். எனக்கும் "தையக்காரர் பொண்ணு, கை தானா வரும்"னு சொல்லித்தான் அனுப்பினாங்க. வரல. முதல் முப்பது சாம்பிள்ல இருபத்தெட்டைக் கொன்னேன். கை வராதுங்கறது ஒரு நாள்ல புரிஞ்சிடுது. அது "என் ரத்தத்துலயே இல்லையோ"ன்னு நெனச்சி நெனச்சி அழுதது ஒரு வருஷம். தம்பிக்கு அது வேணாம். திருப்பி வைக்கற ஸ்டேஜ்ல கையே படாது, மைக்ரோமீட்டர் திருகுதான். ஒரே கிராஃபீனைப் பாதி கிழிச்சி எடுத்து, கீழ இருக்கற மீதியைத் திருப்பி, அது மேலயே வைப்போம். 1.1 வச்சி சூடு பண்ணா அதுவா நவுந்து 0.9-ல போய் உக்காரும். நைனா கையே வந்தாலும் அது கேக்காது.

தம்பி, லேபைப் போய்ப் பாரு. கைடு இல்லாத நேரமா, சீனியர் கூட கேன்டீன்ல உக்காந்து கேளு. போன வருஷம் எத்தனை டிவைஸ் ஃபிரிட்ஜுக்குள்ள போச்சு, எத்தனை டேட்டா குடுத்துச்சி? நம்பர் சொல்லத் தெரிஞ்சா நல்ல லேப். "எல்லாம் நல்லா போகுது"ன்னா எழுந்து வந்துடு. பம்பு ரிப்பேர் ஆனா யார் கழட்டறது? ஹீலியம் திரும்பப் பிடிச்சி லிக்விட் ஆக்கறாங்களா, இல்ல வாங்கறாங்களா? வாங்கறாங்கன்னா வருஷத்துல எத்தனை மாசம் ஃபிரிட்ஜ் சும்மா நிக்குதுன்னு அடுத்த கேள்வி. பேப்பர்ல யார் பேர் முதல்ல வரும்னு எப்ப முடிவு பண்றாங்க? இதைக் கேக்க வெக்கப்படாதே. நான் வெக்கப்பட்டேன், ஒரு பேப்பர் போச்சு.

---

பைபாஸ் ரோடு

நான் சொன்னதை வாபஸ் வாங்கல. ஆனா அந்த வாட்ச்மேன் மேட்டர் நல்லா இருந்துச்சி.

---

தறிவீட்டுப் பையன்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார், நேத்து திண்ணையில ரெண்டு கொசுவலையை விரிச்சோம். முதல்ல நைனா "கிழிச்சிடாதீங்கடா"ன்னுதான் நின்னுகினு இருந்தார். நான் மேல் வலையைத் திருப்பினதும் கட்டம் வந்துச்சி. உக்காந்துட்டார். ஒரு ஓரத்தைப் பிடிச்சி அவரே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "ஒரு இழை நவுந்தா கட்டமே ஓடுது பாரு"ன்னார். பாவுல ஒரு நூல் அறுந்து பக்கத்துக் கண்ணுல ஏறிட்டா லுங்கியில கட்டம் எப்படிக் கோணும்னு எனக்குக் கால் மணி நேரம் விளக்கினார், நான் வளர்ந்ததே அந்தத் தறிக்குக் கீழதான்னு மறந்துட்டு.

அப்புறம் இன்ச் டேப் எடுத்து வந்து கட்டத்தை அளந்தார். 6 சென்டிமீட்டர். கண்ணி ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டேன், 1.4 டிகிரி வந்துச்சி. உங்க கோணத்துக்கு வரணும்னா கட்டம் 7.8 சென்டிமீட்டருக்கு வரணும். ரெண்டு பேரும் அரை மணி நேரம் முயற்சி பண்ணோம். 7, 7.2, காத்தடிச்சதும் 5. அம்மா பீடித் தட்டை வச்சிட்டு வந்து சிரிச்சாங்க. நோட்டுல வந்ததையே எழுதி வச்சிருக்கேன் அக்கா, 7.8-ன்னு எழுதல.

நைனா படுக்கப் போறப்போ மட்டும் கேட்டார்: "அந்தச் சின்னதை யார் திருப்பறது? நீயா, மெஷினா?" திருகு இருக்கு, நான்தான் திருகணும்னேன். "அப்ப சரி"ன்னார். எது சரின்னு சொல்லல.

மக்கன்பேடா அண்ணே, சென்னைக்கு இன்னும் இல்லன்னு சொல்லல. முதல்ல பெங்களூர் லேபை நேர்ல பார்த்துட்டு வந்துடறேன். திங்கட்கிழமை காலையில குடியாத்தத்துல ரயில். அக்கா, உங்க லேபையும் ஒரு தடவை பார்க்க விடுவீங்களா?

---

சத்துவாச்சாரிக்காரி

திங்கள் உன் வேலையை முடி. அன்னைக்கு எங்களுக்கு ஹீலியம் ஊத்தற நாள், யாரும் உன்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. செவ்வாய் பத்து மணிக்கு வா, தனி மெசேஜ்ல அட்ரஸ் அனுப்பறேன். உன் கொசுவலை நோட்டை எடுத்துகினு வா, என் ஜூனியருங்களுக்குக் காட்டணும். காட்டன் சட்டை போட்டுகினு வா.